மலையடிவாரத்தில் விட்டுவந்த பூட்ஸ்

அன்புள்ள மகனுக்கு நைனா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் நின்றபடியே, "திருப்பதியிலேர்ந்து உம் புள்ள போட்டுக்கீறாரு பெரியவரே, படிச்சிட்டு இன்னா சமாச்சாரம்னு சொல்லு" என்றார். படித்தேன். பாப்பாவுக்கு மூன்றாவது வயதில் மலையில் மொட்டை போடப் போகிறாய், நான் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அதற்குக் கீழே, அரிசி விலை எழுதுகிற மாதிரி இரண்டு வரி எழுதியிருக்கிறாய். மொட்டை போட்டதும், பாப்பாவின் கோணல் காலுக்குப் போடுகிற பூட்ஸையும் நிறுத்திவிடப் போகிறாய். எனக்கும்தான் போட்டீர்கள், என்ன பிரயோஜனம், கால் திரும்ப வளைந்துதானே போயிற்று என்று கேட்டிருக்கிறாய். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்தப் பதில். நீளமாகப் போகும். உட்கார்ந்து படி, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு படிக்காதே.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் காலுக்கு அந்த பூட்ஸ் பலிக்காமல் போகவில்லை. ஐந்து வயது வரை போட வேண்டியதை மூன்று வயதில் நான் நிறுத்தினேன். நான்தான். உன் அம்மா இல்லை. நீ இத்தனை வருஷமாக அவள் ஒழுங்காகக் கட்டவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இருக்கும்போதே உன்னை உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் தைரியம் வந்து எழுதவில்லை, உன் மகளின் காலை நினைத்து எழுதுகிறேன்.

நீ பிறந்தபோது ஆந்திர ராஜ்யம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நம் பாலசமுத்திரம் பக்கத்தில் அப்போது எந்தப் பேச்சை எடுத்தாலும் எல்லையில்தான் போய் முடியும். நம் ஊர் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று டீக்கடையில் சண்டை. மனுவில் கையெழுத்து வாங்க இன்றைக்குத் தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் நாளைக்குத் தெலுங்கு பேசுகிறவர்கள் வருவார்கள். இரண்டிலும் கையெழுத்துப் போட்ட புண்ணியவான்கள் நம் ஊரில் உண்டு. அதில் நானும் ஒருவன். அந்தக் கூச்சலுக்கு நடுவில் நீ பிறந்தாய். வலது கால் கணுக்கால் வரைக்கும் சரியாக இருந்தது. அதற்குக் கீழே பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்க வந்த பெண்களெல்லாம் உன் அம்மாவைத்தான் கேட்டார்கள். கிரகணத்தன்று காய் நறுக்கினாயா, அரிவாள்மனையைத் தொட்டாயா என்று. பிள்ளை பெற்று நாலு நாள் ஆன உடம்போடு அவள் எழுந்து உட்கார்ந்து, "தொட்டேன்னு சொல்றவ யாருன்னாலும் எம் முன்னால வந்து சொல்லட்டும்" என்றாள். யாரும் வரவில்லை. என் பெரியப்பாவுக்கும் அதே மாதிரிக் கால்தான், ஊரே அவரைக் கோணக்காலர் என்றுதான் கூப்பிடும். அது எங்கள் பக்கத்துச் சமாச்சாரம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது உன் மகளும் அப்படிப் பிறந்திருக்கிறாள், அதனால் நீயாவது மருமகள் வனஜாவை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடாதே.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனது அவள்தான். இங்கிருந்து சித்தூர், சித்தூரில் பஸ் மாறி குடிபாலா வழியாக வேலூர். வாரத்துக்கு ஒரு தடவை. பழைய மாவுக்கட்டை நனைத்து எடுப்பார்கள், பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துப் புதுக் கட்டுப் போடுவார்கள். உன் மாமா துணைக்குப் போவான். நான் கரும்பு வெட்டு, வெல்லம் காய்ச்சுவது என்று ஏதாவது சொல்லிவிடுவேன். மொத்தமாக இரண்டு தடவைதான் நான் போனேன். இரண்டாவது தடவை போனபோது கால் நேராகிவிட்டது என்று சொல்லி அந்த பூட்ஸைக் கொடுத்தார்கள். இரண்டு சின்னத் தோல் பூட்ஸ், விரல் பக்கம் திறந்தது, நடுவில் ஒரு இரும்புப் பட்டை, இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி முடுக்கியிருந்தது. அங்கிருந்த நர்ஸம்மா உன் அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார். "மாவுக்கட்டு கால நேராக்கிடுச்சுங்க. நேராவே இருக்க வைக்கிறது இந்த பூட்ஸுதான். மூணு மாசம் ராத்திரி பகலா போடணும். அப்புறம் தூங்கும்போதெல்லாம் போடணும், அஞ்சு வயசு வரைக்கும். கால்தான் நல்லாயிடுச்சேன்னு நடுவுல நீங்களே டாக்டர் ஆயிடாதீங்க." தலையாட்டினேன். நன்றாக ஆட்டினேன்.

கட்டுகிற வேலை முழுக்க உன் அம்மாவுடையது. முட்டியை மடக்கிப் பிடித்துக் குதிகாலை பூட்ஸின் அடிவரைக்கும் அழுத்துவாள், பாதத்தின் மேல் வருகிற தோல் வாரை முதலில் இறுக்குவாள், அப்புறம்தான் கயிறு. கால்விரல் எங்கே வர வேண்டும் என்று பூட்ஸுக்குள் கண்மையால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். விரல் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போயிருந்தால் குதிகால் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அவிழ்த்து மறுபடி கட்டுவாள். முதல் நாலைந்து நாள் நீ வீடு இடிந்து விழுகிற மாதிரி அழுதாய். அழுகிறானே என்று ஒரு தடவை நான் கழற்றப் போனேன். "அழுதா கழட்டுவாங்கன்னு தெரிஞ்சிக்கினா தினம் அழுவான், சும்மா இருங்க" என்றாள். அதே மாதிரி ஒரு வாரத்தில் அடங்கினாய். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கித் தரையில் டங் டங் என்று அடிப்பதே உனக்கு விளையாட்டாகிவிட்டது. எனக்குத்தான் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. நம் வீட்டில் தோல் செருப்பு வாசலோடு சரி. இது என்னடாவென்றால் சாமி படத்துக்குக் கீழே பாயில் கிடக்கிறது. ஒரு நாள் அதைச் சொல்லிக் கத்தினேன். "இது செருப்பு இல்லீங்க, மருந்து" என்றாள். சாமி படத்தைத்தான் வேறு சுவருக்கு மாற்றி மாட்டினாள், உன் பாயை நகர்த்தவில்லை.

நீ பிறந்த அன்றைக்கே நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கால் நேரானால் மூன்றாம் வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்து மொட்டை போடுகிறேன் என்று. மூன்று வயதில் உன் கால் நேராகத்தான் இருந்தது. வெல்ல வண்டிக்குப் பின்னால் ஓடுவாய், ஓடுகிற உன்னைக் காட்டி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சாமி கொடுத்த கால் என்பேன். மாவுக்கட்டைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்வேன், உன் அம்மாவைப் பற்றிச் சொன்னதே இல்லை. திருப்பதிக்குப் போகும்போது பஸ்ஸில் நீ தூங்குவாய் என்று அவள் பூட்ஸைக் கட்டித்தான் கூட்டி வந்தாள். படிக்கட்டு தொடங்குகிற அலிபிரியில் கழற்றினாள். தோலை மேலே கொண்டுபோகக் கூடாதே, எங்கள் செருப்போடு அதையும் கீழே ஒருவரிடம் விட்டுவிட்டுப் படியேறினோம். தோளில் உன்னை வைத்துக்கொண்டு நான் எங்கேயும் இறக்காமல் ஏறினேன், அந்தப் பெருமை இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை. மொட்டை ஆயிற்று, தரிசனம் ஆயிற்று. இறங்கி வந்தோம்.

செருப்பு காவல் இருந்தவர் எங்கள் செருப்பை எடுத்துப் போட்டார். அப்புறம் அந்தப் பட்டையைப் பிடித்து பூட்ஸைத் தூக்கிக் காட்டி, "அன்னா, இதி மீதேனா?" என்றார். இது உங்களுடையதா என்று கேட்டார், வேறொன்றும் இல்லை. தலை நிறைய சந்தனத்தோடு நீ அந்தக் காலாலேயே தரையைத் தட்டிக்கொண்டு நின்றாய். சுற்றிலும் ஜனம். மொட்டை போட்ட பிள்ளைக்குக் கால் ஊனமா என்று யாராவது பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. "மாதி காது" என்றேன். எங்களுடையது இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உன் அம்மாவுக்கும் என்னைப் போலத் தெலுங்கு தெரியும். பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இன்னாங்க, அது புள்ளையோடதுதானே. வாங்கிக்கினு வர்றேன், இருங்க."

"வேண்டுதல முடிச்சிட்டு மறுபடி அத்த மாட்டினா சாமிய நம்பலன்னு அர்த்தம். வாடி."

"அஞ்சு வயசுன்னு அந்தம்மா சொன்னாங்களே."

"அந்தம்மா பெரிசா, சாமி பெரிசா?"

நம் ஆட்கள் நிறைய பேர் இப்படித்தான் நினைப்பார்கள். காணிக்கை செலுத்திய பிறகு மருந்தைத் தொட்டால், சாமி கொடுத்ததை உரசிப் பார்த்தது மாதிரி ஆகிவிடும் என்று. அதனால்தான் நீயும் மொட்டைக்கு நாள் குறித்த கையோடு பூட்ஸுக்கும் நாள் குறித்திருக்கிறாய். எனக்கு அது படித்தவுடனே புரிந்தது. சாமி மேல் குற்றம் இல்லையப்பா. பூட்ஸைக் கழற்றி எறி என்று அவர் என் காதில் வந்து சொல்லவில்லை. நர்ஸம்மா சொன்னது காதில் விழுந்தது, அதை விட்டுவிட்டேன்.

உன் அம்மா அதோடு விடவில்லை. வெல்லம் காய்ச்சுகிற சீசனில் நான் ஆலைக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வேன் அல்லவா, அந்த நாட்களில் ஆசாரியிடம் ஒரு பலகை வாங்கி, அதில் இரண்டு கான்வாஸ் செருப்பை வெளிப்பக்கம் பார்க்க ஆணி அடித்துக்கொண்டாள். தோல் இல்லை, துணி. எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இருக்க வேண்டாமா, அதையும் யோசித்து வைத்திருக்கிறாள். நீ தூங்கியதும் அதைக் கட்டிவிடுவாள். ஒரு நாள் காலையில் எதற்கோ சீக்கிரம் வீட்டுக்கு வந்தவன் பார்த்துவிட்டேன். அவள் இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது, உன் கால் தெரியவில்லை. அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய் ஆலை அடுப்பில் கரும்புச் சக்கையோடு சேர்த்துப் போட்டேன். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பின்னாலேயே வந்து, பலகை எரிந்து முடிகிற வரைக்கும் நின்றாள். "சரி. இனிமே அந்தக் காலுக்கு நீங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த சீசனில் அதே அடுப்புக்கு முன்னால் கொட்டி வைத்த சாம்பலில் நீ ஓடி விளையாடினாய். நீ போன பிறகு தடத்தைப் பார்த்தேன். இடது கால் முழுசாகப் பதிந்திருந்தது, குதிகால், ஐந்து விரல், எல்லாம். வலது காலில் வெளி ஓரம் மட்டும் ஒரு பட்டையாகப் பதிந்திருந்தது. குதிகாலே இல்லை. என்ன நடக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை, என் காலால் அந்தத் தடத்தை அழித்துவிட்டேன். அப்போது உன்னை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் நாலு மாவுக்கட்டில் சரியாகியிருக்கும். ஓடவில்லை. பூட்ஸ் எங்கே என்று அந்த நர்ஸம்மா கேட்பாரே, அதுதான் பயம். சாமி கொடுத்த கால் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது வேறு.

கொஞ்ச நாளில் உன் அம்மாவும் கவனித்துவிட்டாள். வேலூருக்குப் போகலாம் என்றாள். அந்தச் சமயத்தில்தான் எல்லை முடிவானது. அவள் பிறந்த பள்ளிப்பட்டுப் பக்கம் மெட்ராஸோடு போயிற்று, நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அவள் அழுதுகொண்டிருந்தாள், அம்மா வீட்டுக்குப் போக வேறு ராஜ்யம் போக வேண்டுமா என்று. எனக்கு நல்ல சாக்கு கிடைத்தது. "எல்ல முடிவாயிடுச்சு, வேலூரு வேற ராஜ்யம். இனிமே ஆந்திராக்காரன் புள்ளைய அந்த ஆஸ்பத்திரியில சேத்துக்க மாட்டாங்க, பேப்பர்ல போட்டிருக்கான்" என்றேன். எந்தப் பேப்பரிலும் அப்படிப் போடவில்லை. ஊருக்கே பேப்பர் படித்துச் சொல்கிறவன் நான், எழுதப் படிக்கத் தெரியாத அவள் நம்பினாள். அதே மாதம் வெல்லம் விற்க நான் வேலூர் போனேன். அதே பஸ், அதே குடிபாலா, யாரும் என்னை நிறுத்தி நீ எந்த ராஜ்யம் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டித்தான் மண்டிக்குப் போனேன். வாசலில் நம் சித்தூர்க்காரர்கள் நாலு பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டேதான் போனேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஒன்பது வயதில் உன் மாமா என்னைக் கேட்காமலே உன்னை மெட்ராஸுக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தான். குதிகால் தரையைத் தொட்டது. ஆனால் எலும்பு இறுகிப்போயிருந்தது, பாதம் மடங்காமல் கட்டை மாதிரி நின்றுவிட்டது. பத்தொன்பது வயதில் சித்தூரில் போலீஸ் செலக்ஷனுக்குப் போய் ஓட முடியாமல் திரும்பி வந்தாய். வந்தவுடனே அடுப்பங்கரையில் நின்று அம்மாவைக் கேட்டாய். "ஒரு பூட்ஸ ஒழுங்கா கட்டத் தெரியலயா உனக்கு? மாமா சொல்லிச்சு, அத்த ஒழுங்கா போட்டிருந்தா எனக்கு இந்தக் காலே வந்திருக்காதாம்." நான் அங்கேதான் உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருந்தேன். அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சட்னி போடு என்றேன். அவள் போட்டாள். உன் தட்டை எடுத்து வைத்து, "கால் கழுவிக்கினு வா, துன்னு" என்று உன்னிடம் சொன்னாள். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் பலகையை எரித்தது இல்லை, பொய் சொன்னதும் இல்லை, அன்றைக்கு அந்தச் சட்னி கேட்டதுதான். இந்த வரியில் எழுத்து கோணலாக இருந்தால் வயசு என்று நினைத்துக்கொள்ளாதே.

ரொம்ப நாள் கழித்து, ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "எங்கிட்ட கோவிச்சிக்கினா அடுத்த வேளைக்கு வந்து துன்றான். உங்ககிட்ட கோவிச்சிக்கினா ஊட்ட உட்டுப் பூடுவான். ரெண்டு பேரும் ஒரே பிடிவாதம்" என்றாள். நீ என் மேல் கோபித்துக்கொள். வீட்டுக்கு வராமல் இருந்தாலும் சரி. அவள் மேல் வைத்திருந்ததை மட்டும் எடுத்துவிடு.

இனி பாப்பா விஷயம். உன் கடிதத்தின் ஓரத்தில் வேறு பேனாவால் சின்ன எழுத்தில், 'மாமா, தினம் நான்தான் கட்டுகிறேன், எனக்குக் கஷ்டம் இல்லை' என்று வனஜா எழுதியிருக்கிறாள். உறையை ஒட்டுவதற்கு முன்னால் நீ பார்த்தாயோ இல்லையோ. அந்தப் பெண் உன்னிடம் சண்டை போடாமல் என்னிடம் முறையிட்டிருக்கிறாள். உன் அம்மாவுக்கு முறையிட யாரும் இல்லை. பாப்பாவின் கால் நேராக இருக்கிறது, ஓடுகிறாள், அதனால் போதும் என்கிறாய். உன் காலும் மூன்று வயதில் நேராகத்தான் இருந்தது, ஓடத்தான் ஓடினாய். திருப்பதி ஆஸ்பத்திரியில் எந்த வயது வரைக்கும் சொன்னார்களோ அந்த வயது வரைக்கும் போடு. பூட்ஸ் சின்னதாகிவிட்டால் பெரியது வாங்கு, சின்னதாகிவிட்டது என்று கழற்றி மூலையில் போடாதே. காலில் சிவந்திருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டு. வனஜா அசந்துபோன அன்றைக்கு நீ கட்டு. உனக்குக் கட்டத் தெரியுமா? எனக்குத் தெரியாது. உனக்கு அத்தனை நாள் போட்டதில் ஒரு நாள்கூட நான் கட்டினதில்லை.

மொட்டைக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். வனஜா எனக்குக் கட்டச் சொல்லித் தரட்டும், எங்கே கண்மைக் கோடு போடுவது என்று நான் அவளுக்குச் சொல்கிறேன். இந்தத் தடவை என்னால் தோளில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, மேலே பஸ்ஸிலேயே போகலாம், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். அலிபிரியில் பாப்பாவின் பூட்ஸை நம் செருப்போடு கீழேயே விட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் நீங்கள் மூன்று பேரும் ஓரமாக நில்லுங்கள், வாங்க நான் போகிறேன். அங்கே இருக்கிறவர் அந்தப் பட்டையைத் தூக்கிக் காட்டி, இதி மீதேனா என்று கேட்பார். "மாதே", எங்களுடையதுதான் என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, பஸ்ஸில் தூங்கப் போகிற பிள்ளைக்கு நானே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நைனா